வலிக்காத கிட்னி நோய்: சிறுநீரக அழற்சியைப் புரிந்துகொள்வோம்

கோபியிலோ பல்லடத்திலோ ஒருவருக்குக் கிட்னியில் கோளாறு என்று பேச்சு வந்தால், எதிரே இருப்பவர் முதலில் கேட்பது பெரும்பாலும் "கல்லுங்களா?" என்றுதான். இல்லை என்றால் உடனே குரல் இறங்கிவிடும். "அப்ப டயாலிசிஸுங்களா?"

கல்லுக்கும் டயாலிசிஸுக்கும் நடுவே எத்தனையோ நோய்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. அதில் ஒரு பெரிய கூட்டம் சிறுநீரக அழற்சி நோய்கள். டாக்டர் சீட்டில் 'நெஃப்ரைட்டிஸ்' என்று எழுதியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் அது 'கிட்னியில் இன்ஃபெக்‌ஷன்' ஆகிவிடும், அடுத்த தெருவுக்குப் போவதற்குள் 'கிட்னி ஃபெயிலியர்' ஆகிவிடும். மூன்றும் வேறு வேறு. வைத்தியமும் வேறு. ஒன்றுக்குச் சொல்லும் யோசனை இன்னொன்றுக்குக் கெடுதலாகக்கூட முடியும் என்பதால்தான் இதை விளக்கி எழுத வேண்டியிருக்கிறது.

எதை எதோடு குழப்புகிறோம்

முதலில் கல். சிறுநீரில் கரைந்திருக்கும் உப்புகள் படிந்து இறுகி உண்டாவது. அது குழாயில் இறங்கி அடைக்கும்போது விலாவில் தொடங்கி அடிவயிறு வரை புரட்டி எடுக்கும் வலி வரும். கல் வலி வந்தவர் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

அடுத்தது கிருமித் தொற்று. சிறுநீர்ப்பையில் இருந்தால் நீர்க்கடுப்பு, எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் போன்ற உணர்வு. அதுவே மேலேறிக் கிட்னிக்குப் போனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகின் பக்கவாட்டில் வலி, வாந்தி. பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாதான் காரணம். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சரியாகும். கிருமி வந்து கிட்னி வீங்குவதால் இதுவும் ஒருவகையில் அழற்சிதான். ஆனால் இந்தக் கட்டுரையின் விஷயம் அது இல்லை.

மூன்றாவது, செயலிழப்பு. இதைத் தனி நோய் என்று சொல்வதைவிட ஒரு நிலை என்பதே சரி. சர்க்கரை, ரத்த அழுத்தம், அழற்சி, அடைப்பு என்று எந்த வழியாக வந்தாலும், கிட்னி தன் வேலையைச் செய்ய முடியாமல் போகும் கட்டத்துக்கு அந்தப் பெயர்.

இவற்றுக்கு அப்பால் இருப்பதுதான் நாம் பேசப்போவது. நம் உடம்பின் காவல் அமைப்பே கிட்னியின் வடிகட்டிகளைப் புண்ணாக்கும் நோய்கள். இவற்றில் பெரும்பாலும் வலி இருக்காது. எரிச்சல் இருக்காது. முதுகு வலிக்கிறது என்று பதறி ஸ்கேன் எடுப்பவர்களில் பலருக்கு இருப்பது தசைப்பிடிப்பு. உள்ளுக்குள் கிட்னி புண்ணாகிக்கொண்டிருப்பவரோ தறி ஓட்டிக்கொண்டோ, மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டோ சாதாரணமாக இருப்பார்.

தோட்டத்து ஃபில்டரும் உடம்பின் ஃபில்டரும்

நம் பக்கத்தில் தென்னைக்கும் மஞ்சளுக்கும் வாழைக்கும் சொட்டுநீர் போட்ட தோட்டங்கள் நிறைய. கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ மோட்டார் ஏற்றும் தண்ணீர், நேராகக் குழாய்க்குப் போவதில்லை. நடுவில் ஒரு ஃபில்டர் இருக்கும். அதற்குள் வலை. மணலையும் பாசியையும் அது நிறுத்திக்கொள்ளும், தண்ணீர் மட்டும் தாண்டிப்போகும்.

அந்த வலைக்கு இரண்டு விதமாகக் கேடு வரும். ஒன்று, கிழிந்துபோவது. அப்போது தாண்டக்கூடாத மணல் தாண்டி வரும். இன்னொன்று, அடைத்துக்கொள்வது. அப்போது அந்தப் பக்கம் தண்ணீர் குறையும், மோட்டார் பக்கத்தில் பிரஷர் மீட்டர் முள் ஏறும். சில நேரம் ஒரு பக்கம் அடைத்து, அந்த அழுத்தத்திலேயே இன்னொரு பக்கம் கிழியவும் கிழியும். இந்த இரண்டு கேட்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்னி அழற்சியின் அறிகுறிகள் அத்தனையும் இதிலிருந்தே வரும்.

இப்போது உண்மையான அமைப்புக்கு வருவோம். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டும் அலகுகள் இருக்கின்றன. ஒவ்வோர் அலகுக்கும் நெஃப்ரான் என்று பெயர். நெஃப்ரானின் தொடக்கத்தில் முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் ஒரு சிறு உருண்டையாகச் சுருண்டு கிடக்கும். அந்த உருண்டைதான் குளோமருலஸ். வலை வேலையைச் செய்வது இதுவே. அதன் சுவரில் மூன்று அடுக்கு: உள்ளே ஓட்டைகள் நிறைந்த ரத்தக்குழாய்ச் சுவர், நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, வெளியே விரல்களைக் கோத்ததுபோல் காலூன்றி நிற்கும் தனிவகைச் செல்கள்.

இரண்டு கிட்னிக்கும் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் வருகிறது. ஒரு நாளில் குளோமருலஸ் வழியாக வடியும் நீர் சுமார் 180 லிட்டர். நம்ப முடியவில்லையா? உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமே மூன்று லிட்டர்தான். அதே மூன்று லிட்டர் நாளொன்றுக்கு அறுபது முறை வடிகட்டப்படுகிறது. வடிந்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நெஃப்ரானின் மீதிக் குழாய்ப்பகுதி திரும்ப உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்துவிடும். மிஞ்சும் ஒன்றரை லிட்டர் அளவுதான் நாம் கழிக்கும் சிறுநீர்.

தாண்டக்கூடாதவை இரண்டு. ரத்த அணுக்கள், அப்புறம் புரதம். குறிப்பாக ஆல்புமின் என்ற புரதம். ரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

தோட்டத்து ஃபில்டரோடு ஒப்பிடுவதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. வலையைக் கழற்றிக் கழுவலாம், கெட்டுப்போனால் புதிது வாங்கிப் போடலாம். குளோமருலஸ் உயிருள்ள திசு. ஒன்று அழிந்தால் அதற்குப் பதில் இன்னொன்று முளைக்காது.

அழற்சி எப்படி வருகிறது

காலில் முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சூடாகிறதே, அதுதான் அழற்சி. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள அந்த இடத்துக்கு வெள்ளணுக்களையும் ரசாயனங்களையும் அனுப்புவதன் விளைவு. தோலில் நடந்தால் கண்ணுக்குத் தெரியும், வலிக்கும். குளோமருலஸில் நடந்தால் தெரியாது.

ஏன் அங்கே நடக்கிறது? கிருமி போன்ற அந்நியப் பொருள் ஒன்று உள்ளே வந்தால், அதைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் புரதத்துக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். பிடித்ததும் பிடிபட்டதும் சேர்ந்து சிறு கட்டிகளாகும். வழக்கமாக உடம்பு இவற்றை ரத்தத்திலிருந்து அகற்றிவிடும். ஆனால் நாளுக்கு அறுபது முறை, அதுவும் அழுத்தத்தோடு ரத்தம் வடியும் இடத்தில் இவை படிந்துவிட வாய்ப்பு அதிகம். படிந்த இடத்தை நோக்கி காம்ப்ளிமென்ட் என்ற காவல் புரதங்கள் வரும், வெள்ளணுக்கள் வரும், சண்டை தொடங்கும். அடிபடுவது வலையின் சுவர்.

இது ஒரு வழி. சிலருக்கு எதிர்ப்பொருள் தவறிப்போய்க் கிட்னியின் சொந்தச் சவ்வையே அந்நியம் என்று நினைத்துத் தாக்கும். இன்னும் சிலருக்கு எதிர்ப்பொருள் தாக்குவது வெள்ளணுவை. அது வெறிகொண்டு சிறு ரத்தக்குழாய்களையெல்லாம் புண்ணாக்கும். தன் உடம்பையே தாக்கும் இப்படிப்பட்ட நோய்களை ஆட்டோஇம்யூன் நோய்கள் என்பார்கள்.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். அழற்சி நீடித்தால் அந்த இடம் தழும்பாக மாறும். தழும்பு வடிகட்டாது. அழற்சியை மருந்தால் தணிக்க முடியும், தழும்பைத் திருப்ப முடியாது. இந்த நோய்களில் எத்தனை வாரத்தில் டாக்டரிடம் போனோம் என்பதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கிட்னியின் வடிகட்டும் உருண்டை குளோமருலஸ், உடம்பின் காவல் அமைப்பு அங்கே சண்டை போடுவது அழற்சி, சண்டை நீண்டால் தழும்பு. பெரும்பாலும் இதில் கிருமி நேரடியாகக் கிட்னிக்குள் இல்லை, அதனால் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்து முடியாது.

வலை கிழிந்தால், வலை அடைத்தால்

கிழிசலை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆல்புமின் சிறுநீரில் ஒழுகும். சாதாரணமாக நாள் முழுக்க 150 மில்லிகிராமுக்குக் குறைவான புரதமே சிறுநீரில் போகும். பெரியவர்களில் அது 3.5 கிராமைத் தாண்டும்போது ரத்தத்தில் ஆல்புமின் இறங்கத் தொடங்கும். குழாயில் நிற்கவேண்டிய நீர் சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசியும், கூடவே கிட்னி உப்பையும் தேக்கும். காலையில் எழும்போது கண்ணிமை தடித்திருக்கும், மாலையில் கால் வீங்கும், அமுக்கினால் குழி விழும். முற்றினால் வயிற்றிலும் நீர் கோக்கும். சிறுநீரில் நுரை எழும்பி, தண்ணீர் ஊற்றினாலும் சீக்கிரம் அடங்காது. ரத்தத்தில் கொழுப்பு ஏறும். ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்தும் கிருமித் தொற்று ஆபத்தும் கூடும். இந்தத் தொகுப்புக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்று பெயர்.

அடைப்பு வேறு மாதிரி. வீங்கிப்போன குளோமருலஸில் வடிவது குறையும். சிறுநீர் அளவு இறங்கும். உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கும், பிரஷர் ஏறும். முகம் லேசாக ஊதும். ரத்தத்தில் கழிவு கூடும். கூடவே அழற்சியில் சுவர் பிய்ந்து சிவப்பணு ஒழுகுவதால் சிறுநீர் பால் விடாத டீ நிறத்திலோ, கோலா பான நிறத்திலோ வரும். பளிச்சென்ற ரத்தச் சிவப்பு குறைவு. கட்டி கட்டியாக ரத்தம் வந்தால் கோளாறு பெரும்பாலும் வடிகட்டியில் இல்லை. கல், கட்டி என்று கீழே தேட வேண்டும். இந்த இரண்டாவது தொகுப்பு நெஃப்ரிட்டிக் சிண்ட்ரோம்.

இரண்டு பெயரும் ஒரே மாதிரி ஒலிப்பதால் மருத்துவ மாணவர்களே முதல் வருடம் திணறுவார்கள். நாம் பெயரை மறந்தாலும் பரவாயில்லை. ஒன்றில் புரதமும் வீக்கமும் முன்னால் நிற்கும், மற்றதில் ரத்தமும் பிரஷரும் முன்னால் நிற்கும். ஒரே ஆளுக்கு இரண்டும் கலந்து வருவதும் உண்டு.

கலங்கிய நிறத்தில் சிறுநீர் போனால் நம் வீடுகளில் சொல்லும் முதல் வார்த்தை 'உடம்புச் சூடு'. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் திரிந்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகத்தான் போகும், அது உண்மை. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் மாறியும் விடும். மாறாமல் பழுப்பாகவே போனால் அதற்குச் சூட்டின் மேல் பழி போடக்கூடாது. பீட்ரூட் தின்றாலும் நிறம் மாறும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரையாலும் ஆரஞ்சாகப் போகும். சந்தேகம் இருந்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை போதும்.

யார் யாருக்கு, எந்தெந்த வகை

குளோமருலஸ் அழற்சி ஒரே நோய் இல்லை. பெயர்கள் நிறைய. நம் ஊர் வீடுகளில் தட்டுப்படும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சிரங்குக்குப் பின் வருவது. பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைக்குத் தொண்டைப் புண்ணோ, காலில் சிரங்கோ வந்து ஆறியிருக்கும். தொண்டை என்றால் ஒன்று முதல் மூன்று வாரம், தோல் என்றால் மூன்று முதல் ஆறு வாரம் கழித்து, ஒருநாள் காலை முகம் ஊதி, சிறுநீர் கறுத்துப் போகும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் மேல் உடம்பு போட்ட சண்டையின் மிச்சம் இது. சிரங்கு ஆறிப் பல நாள் ஆகியிருப்பதால் இரண்டையும் யாரும் இணைத்துப் பார்க்க மாட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறிவிடுவார்கள். உப்பைக் குறைத்து, நீர் பிரிய மருந்து கொடுத்து, பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் போதும். ஆனால் அந்தப் பிரஷரைச் சாதாரணமாக எடுக்கக்கூடாது. திடீரென்று ஏறினால் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். சிரங்குதானே என்று விட்டுவிடாமல் அப்போதே வைத்தியம் பார்ப்பது நல்லது.

ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி. உலக அளவில் அதிகம் காணப்படும் குளோமருலஸ் அழற்சி இது. 1968ல் பாரிஸில் பெர்ஜே என்ற மருத்துவர்தான் இதை முதலில் அடையாளம் கண்டார். ஐ.ஜி.ஏ. என்பது மூக்கு, தொண்டை, குடல் பகுதிகளைக் காக்கும் எதிர்ப்பொருள் வகை. அது கிட்னியில் போய்ப் படியும். சளி பிடித்த அன்றோ மறுநாளோ சிறுநீர் கறுக்கும். சிரங்கு வகையில் வாரக்கணக்கில் இடைவெளி இருக்கும், இதில் இருக்காது. டாக்டர் "சளி பிடிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்பது பேச்சுக்கு இல்லை. பெரும்பாலும் இளவயதினருக்கு வரும். பலருக்கு அறிகுறியே இல்லாமல், வேலைக்குச் சேரும்போது எடுக்கும் பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவரும். மெதுவாக, ஆண்டுக்கணக்கில் நகரும் நோய்.

லூப்பஸ். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு. மூட்டு வலி, கன்னத்தில் வெயில் பட்டால் சிவக்கும் தடிப்பு, முடி கொட்டுதல், விட்டு விட்டுக் காய்ச்சல், வாய்ப்புண். இதையெல்லாம் ரத்தசோகை என்றும், கல்யாணக் கவலை என்றும் தள்ளிப்போடுகிறோம். தோலையும் மூட்டையும் தாக்கும் இதே ஆட்டோஇம்யூன் நோய் கிட்னியையும் தாக்கும். லூப்பஸ் இருக்கிறது என்று தெரிந்தால் சிறுநீரைத் தவறாமல் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குழந்தைகளின் நெஃப்ராட்டிக் நோய். இரண்டு முதல் ஆறு வயதில் அதிகம். கண்ணும் முகமும் ஊதும். பிள்ளை நன்றாகக் கொழுகொழு என்றாகிவிட்டது என்று பாட்டி சந்தோஷப்படுவதும் நடக்கும். இதில் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் குளோமருலஸ் ஒழுங்காகவே தெரியும், கறாராகச் சொன்னால் அழற்சியே அதிகம் இருக்காது. வெளியடுக்குச் செல்களின் கால்கள் தட்டையாகிப் புரதம் ஒழுகுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்யும். திரும்பத் திரும்ப வரும் சுபாவம் உண்டு.

மெம்பரனஸ் நெஃப்ரோபதி. பெரியவர்களுக்கு வரும் புரத ஒழுக்கு நோய்களில் ஒன்று. இதில் நம்மவர்கள் கவனிக்க ஒன்று இருக்கிறது. பாதரசம் கலந்த முகம் வெளுக்கும் கிரீம்களைப் பூசியவர்களுக்கு இந்த நோய் வந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடமும் இது காணப்பட்டிருக்கிறது. என்ன சேர்த்திருக்கிறது என்று டப்பாவில் எழுதாத கிரீம் எவ்வளவு நல்ல பலன் தந்தாலும் வேண்டாம். நிறுத்தினாலே பலருக்குப் புரத ஒழுக்கு குறைகிறது.

வேகமாக ஓடும் வகை. எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் முதலிடம். சில நாள் அல்லது சில வாரங்களிலேயே கிட்னி முழுக்கக் கெட்டுவிடும். கூடவே இருமலில் ரத்தம், மூச்சுத்திணறல், மூக்கிலிருந்து ரத்தம் வந்தால் நுரையீரலும் தாக்கப்படுகிறது என்று அர்த்தம். இதற்கு நாளை என்ற பேச்சே கிடையாது.

குழாய்ப்பகுதியின் அழற்சி. இது குளோமருலஸில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் குழாய்களுக்கு இடைப்பட்ட திசுவில். முக்கியக் காரணம் மாத்திரைகள். சோமனூர் பக்கம் தறிக்குடோனில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு, இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் இதைக் கொண்டுவரலாம். சில ஆன்டிபயாட்டிக்குகள், மாதக்கணக்கில் விழுங்கும் ஒமிப்ரசோல், பான்டப்ரசோல் வகை 'கேஸ் மாத்திரை'கள்கூடக் காரணமாகும். எல்லோருக்கும் வராது, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. காய்ச்சல், தோலில் தடிப்பு இருந்தால் சந்தேகம் வரும், பலருக்கு அதுவும் இருக்காது. வயலிலும் சாக்கடையிலும் வேலை செய்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலும் கிட்னியின் இந்தப் பகுதியைத்தான் தாக்கும்.

சாயத்தண்ணீர்தான் காரணமா

திருப்பூர், ஈரோடு பக்கம் இந்தப் பேச்சைத் தவிர்க்க முடியாது. யாருக்குக் கிட்னி கெட்டாலும் "எல்லாம் சாயத்தண்ணியாலதானுங்க" என்று முடித்துவிடுகிறோம். நொய்யல் கரைக் கிணறுகள் உப்பாகிப்போனதும், ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்க் குட்டையாக மாறியதும், 2011ல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் ஒரு தனி ஆளின் நோய்க்குச் சோதனை செய்யாமலே தண்ணீரைக் காரணம் காட்டினால் நஷ்டம் அந்த ஆளுக்குத்தான். லூப்பஸ் இருக்கும் பெண்ணுக்கு மருந்து கொடுத்தால் கிட்னியைக் காப்பாற்றலாம். "இந்த ஊர்த் தண்ணி அப்படி" என்று விட்டுவிட்டால் முடியாது. மேலே சொன்ன நோய்கள் சாயப்பட்டறையே இல்லாத ஊர்களிலும், நாடுகளிலும் வருகின்றன.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

1827ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடம்பு ஊதி இறந்தவர்களின் கிட்னிக்கும் அவர்கள் சிறுநீரில் இருந்த புரதத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். அவர் செய்த சோதனை வெகு எளிது. கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவத்தியில் காட்டினால், புரதம் இருந்தால் திரிந்து வெள்ளையாகும். நூறு வருடத்துக்கும் மேல் இந்த நோய்களுக்கு 'பிரைட் நோய்' என்றே பெயர் இருந்தது.

இன்று கரண்டிக்குப் பதில் ஒரு காகிதப் பட்டை. சிறுநீரில் நனைத்தால் புரதம், ரத்தம் இரண்டுக்கும் நிறம் மாறும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கக்கூடிய சோதனை, செலவு மிகக் குறைவு. என்னைக் கேட்டால், இந்த நோய்களில் இதைவிடப் பெறுமானமான சோதனை வேறு இல்லை. அடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிவப்பணுக்கள் உருக்குலைந்தோ, குழாய் வடிவத்தில் ஒட்டிக்கொண்டோ இருந்தால் ரத்தம் வடிகட்டியிலிருந்து வருகிறது என்று தெரியும்.

ரத்தத்தில் பார்ப்பது கிரியாட்டினின். தசையிலிருந்து வரும் கழிவு இது, கிட்னிதான் வெளியேற்ற வேண்டும். நம் ஊரில் "கிரியாட்டின் எவ்வளவு?" என்பது கிட்டத்தட்ட ஜாதகம் கேட்பது மாதிரி ஆகிவிட்டது. அந்த எண்ணில் ஒரு பெரிய குறை இருக்கிறது. கிட்னியின் திறனில் ஏறக்குறைய பாதி போகும் வரைகூட அது சாதாரண அளவுக்குள்ளேயே காட்டலாம். கிரியாட்டினின் நார்மல், அதனால் கிட்னி நார்மல் என்று சொல்ல முடியாது. சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முடியும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் அப்படித்தான். கல்லும் அடைப்பும் அதில் தெரியும். தொடக்க நிலை அழற்சி பெரும்பாலும் தெரியாது.

எந்த வகை என்று உறுதிசெய்யப் பல நேரம் பயாப்சி தேவைப்படும். அதாவது, கிட்னியிலிருந்து ஊசியால் நூல் மாதிரி ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வது. இதைச் சொன்னதும் பாதிப் பேர் வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். "ஊசி போட்டா இருக்கற கிட்னியும் போயிரும்" என்ற பயம். மரத்துப்போக மருந்து கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். பத்து இருபது குளோமருலஸ் கிடைத்தால் போதும், கிட்னியில் இருப்பது லட்சக்கணக்கில். அதற்குப் பின் ரத்தம் கசிகிறதா என்று கவனிக்கச் சில மணி நேரமோ ஒரு நாளோ படுக்கையில் வைத்திருப்பார்கள். சிலருக்குச் சிறுநீரில் ரத்தம் வரும், பெரும்பாலும் தானே நிற்கும். ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எது என்று தெரியாமல் வீரியமான மருந்துகளை மாதக்கணக்கில் கொடுப்பது அதைவிட ஆபத்து.

சோதனைகளில் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று: சிறுநீரில் புரதமும் ரத்தமும் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும், கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும், பயாப்சி எந்த வகை என்று சொல்லும், தழும்பு எவ்வளவு என்றும் சொல்லும்.

மருந்தும் சாப்பாடும்

வைத்தியம் இரண்டு தடத்தில் போகும். ஒன்று, வலை மேல் விழும் அழுத்தத்தைக் குறைப்பது. ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் குளோமருலஸுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் இறக்கி, புரத ஒழுக்கைக் குறைக்கும். அதனால் பிரஷர் இல்லாதவருக்கும் சில நேரம் எழுதித் தருவார்கள். "எனக்குத்தான் பிரஷரே இல்லையே" என்று நிறுத்திவிட வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள், ஆகப்போகிறவர்கள் மட்டும் இதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், அப்போது இந்த மாத்திரைகள் ஆகாது.

இரண்டாவது, சண்டையை அடக்குவது. ஸ்டீராய்டு, மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ரிடக்சிமாப் என்று வகைக்கும் தீவிரத்துக்கும் தக்கபடி. எல்லா வகைக்கும் இவை தேவையில்லை, சிரங்குக்குப் பின் வரும் வகைக்குப் பெரும்பாலும் வேண்டாம். ஸ்டீராய்டைக் கண்டபடி தூற்றுவது நம் வழக்கம். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கிருமித் தொற்று எளிதில் வரும், எல்லாம் உண்மை. ஆனால் அதைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் கெடுதல். வாரக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்த பிறகு உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சாப்பாட்டு யோசனைதான் நம் ஊரில் இலவசமாக நிறையக் கிடைப்பது. அதில் முதலாவது "தண்ணி நெறையக் குடிங்க". கல் இருப்பவருக்கு நல்ல யோசனை. உடம்பு ஊதி, சிறுநீர் குறைந்திருப்பவருக்கு அது மூச்சுமுட்டலில் கொண்டுபோய் விடும். அவர் குடிக்க வேண்டிய அளவை டாக்டர் சொல்ல வேண்டும். அடுத்தது இளநீர். பொள்ளாச்சி இளநீருக்கு ஈடு எதுவும் இல்லைதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். கிட்னியின் திறன் இறங்கிய நிலையில் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். வாழைத்தண்டுச் சாறும் அப்படியே. கிட்னி நோயாளி யாருமே இளநீரைத் தொடக்கூடாது என்பதல்ல. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் குடிக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

உப்பு விஷயத்தில் மட்டும் வீக்கமோ பிரஷரோ இருக்கும் எல்லோருக்கும் ஒரே பேச்சு: நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, உப்புக்கண்டம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று சொல்பவர்கள், அதுவும் சோடியம் உப்புதான் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' இன்னும் மோசம், பலவற்றில் பொட்டாசியம் உப்பைக் கலந்திருக்கிறார்கள்.

அப்புறம் முட்டை. "புரதம் ஒழுகுது, நாமக்கல் முட்டையா உடைச்சுக் குடுங்க" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் அதிகமாகப் போட்டால் அதிகமாகத்தான் ஒழுகும், வடிகட்டிக்கும் பாரம். மொத்தமாக நிறுத்தினால் உடம்பு இளைத்துவிடும். அளவாகச் சாப்பிடுவதுதான் சரி.

எப்போது ஓட வேண்டும், எப்போது காத்திருக்கலாம்

சிறுநீர் பழுப்பாகி அளவும் குறைந்தால், வீக்கத்தோடு மூச்சு வாங்கினால், இருமலில் ரத்தம் வந்தால், பிள்ளைக்குத் தாங்க முடியாத தலைவலியோ வலிப்போ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கோவை, சேலம், ஈரோடு மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். டயாலிசிஸ் வரை போனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

நுரை, காலை நேர முக வீக்கம், சோதனையில் ஒரு முறை மட்டும் புரதம் தெரிவது இவற்றுக்கு அந்த அவசரம் வேண்டாம், ஆனால் அடுத்த வாரத்துக்குள் திரும்பச் சோதிக்க வேண்டும். காய்ச்சல் இருந்த நாளிலோ கடுமையாக உழைத்த நாளிலோ கொஞ்சம் புரதம் தற்காலிகமாகத் தெரியலாம். பெண்கள் மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துச் சிறுநீர் கொடுக்க வேண்டும்.

நெஃப்ராட்டிக் நோய் வந்து தேறிய குழந்தை வீட்டில் இருந்தால் வேலை கொஞ்சம் கூடுதல். காலையில் முதல் சிறுநீரை அந்தக் காகிதப் பட்டையால் வீட்டிலேயே சோதித்து, ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்வார்கள். பல தாய்மார்கள் இதை லேப்காரர்களைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள். ஒரு நாள் மூன்று பிளஸ், அதாவது புரதம் அதிகம் என்று பட்டை காட்டினால் பதற வேண்டாம், சளி பிடித்திருக்கலாம், மறுநாளும் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் காலையில் மூன்று பிளஸோ அதற்கு மேலோ காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு. முகம் ஊதட்டும் என்று காத்திருக்காமல், நோட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும்.